ஒரே ஒரு முறை மாற்றலாம்

என் அப்பாவின் பெயரை மருத்துவ அட்டையிலிருந்து நீக்கியவள் நான்தான். சட்டம் நீக்கிவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பியபடியே அவர் செத்துப்போனார்.

இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடங்கள் ஆகியிருக்கின்றன. கணவரிடம் சொன்னதில்லை. மாமியாரிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் வாய் வருகிறது என்று நினைக்கிறேன். மன்னிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் படிக்காதீர்கள். அதற்கு உரியவர் இப்போது இல்லை.

நான் தில்லியில், லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், நிர்வாகப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். ஊழியர்களின் குடும்ப விவரங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். யாருக்காவது திருமணமானால், குழந்தை பிறந்தால், பெற்றவர் இறந்தால் ஒரு படிவத்தோடு என் எதிரில் வந்து நிற்பார்கள். மருத்துவத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது, பென்ஷன் கணக்குக்கு யாரை நாமினியாகப் போடுவது என்பதற்கான விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கும் வழிகூட எனக்குக் கிடையாது.

அப்பா பெயர் ஏழுமலை. இஸ்திரி போடுகிறவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கென்று தில்லிக்கு வந்தவர், பிறகு ஓர் அரசுக் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் மேசை போட்டுக்கொண்டார். கரி போட்டு மூட்டுகிற பெட்டி. அந்தப் புகையை முப்பது வருடம் இழுத்த நெஞ்சு அவருடையது. நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். அவர் மடித்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அதிகாரிகள் போன அலுவலகங்களில் ஒன்றுக்கு நானும் தேர்வெழுதிப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உங்களுக்குச் சொல்லி மாளாது!

வேலையில் சேர்ந்த வருடமே அவர் பெயருக்கு மருத்துவ அட்டை வாங்கினேன். அவர் படம் போட்ட பிளாஸ்டிக் அட்டை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் வேலை செய்வார். ஒருநாள் மேசையில் வைத்துவிட்டு மறந்துபோய், சூடான பெட்டியைப் பக்கத்தில் இறக்கிவிட்டார். அட்டையின் ஒரு மூலை வளைந்துவிட்டது. அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "சர்க்கார் சாமான் பாப்பா, எதுனா கேப்பாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மாதாமாதம் அரசு ஊழியர் குடும்பங்களுக்கான டிஸ்பென்சரிக்குப் போய், அட்டையைக் காட்டி மூச்சுக்கான மருந்தை வாங்கி வருவார். வாயில் வைத்து அழுத்தி இழுக்கிற அதை அவர் 'பம்ப்' என்றுதான் சொல்வார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்த இரண்டு இழுப்பும் இருந்தவரை அவர் நன்றாகத்தான் இருந்தார். படியேறினார். மூட்டை தூக்கினார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

கார்த்திக்கும் நானும் விரும்பித்தான் மணந்துகொண்டோம். அவர் தில்லியில் பிறந்து வளர்ந்தவர், தனியார் கம்பெனி ஒன்றில் வேலை. ஜனக்புரியில் வீடு. வீட்டில் அவருடைய அம்மா மட்டும். மாமனார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர், முன்பே காலமாகிவிட்டார். அவர்கள் படித்த குடும்பம், திருச்சிப் பக்கம். என் அப்பாவுக்கு 'லாண்ட்ரி பிசினஸ்' என்று நான் சொல்லியிருந்தேன். அதுவும் பொய்தான். ஆனால் அது சின்னப் பொய், இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க எனக்குத் தெம்பில்லை.

திருமணமான பெண் ஊழியர் புதிதாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மருத்துவத் திட்டத்தில் அவள் தன்னைப் பெற்றவர்களை வைத்துக்கொள்ளலாம், அல்லது கணவனைப் பெற்றவர்களைச் சேர்க்கலாம். இரண்டில் ஒன்று. தேர்ந்தெடுப்பது அவள் விருப்பம். பிற்பாடு மனம் மாறினால் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

அதை நான் எத்தனை பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்! ஆனாலும் என் முறை வந்தபோது, மாமியாரின் கட்டத்தில் டிக் அடித்தேன்.

யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. கார்த்திக் அன்றைக்கே சொன்னார். "உங்க அப்பாவையே வெச்சுக்கோ. அம்மாவ நான் கம்பெனி இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கறேன்."

நான்தான் வேண்டாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நல்லவள் என்று அந்தக் கை சொல்லியது. மாமியாரோ கண்கலங்கிவிட்டார். "அப்பாவுக்கு என்னம்மா பண்ணுவ?" என்று ஒரு தடவை கேட்டார். "அவருக்கு வேற ஏற்பாடு இருக்கு அத்தை" என்றேன். அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் யார் வந்தாலும் இதே பேச்சுதான். "என் மருமக என்னைத்தான் முதல்ல எழுதுனா." அந்த வீட்டில் என் நாற்காலி அன்றுதான் உறுதியானது என்று எனக்குத் தோன்றியது.

இவ்வளவுதான் காரணம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல பெயருக்கு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான் என்று. அதுவும் முழு உண்மை இல்லை.

முழு உண்மை டிஸ்பென்சரி பெஞ்சில் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு அப்பாவோடு அங்கே போயிருந்தேன். எங்கள் பிரிவின் அதிகாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்ததும், "அரே, என் புடவை ஆயிற்றா?" என்று இந்தியில் கேட்டார். அப்பா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "சாயந்திரம் குடுத்துர்றேன் மேம்சாப்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே என்னைக் காட்டி, "மேரீ பேட்டி" என்றார், என் மகள் என்று.

மறுநாள் அலுவலகத்தில் அந்த அதிகாரி எல்லார் முன்னிலும் என்னைப் பாராட்டினார். இஸ்திரி போடும் பிரஸ்வாலாவின் மகள் இங்கே வேலை பார்க்கிறாள், இதுவல்லவா முன்னேற்றம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது எரிந்தது.

அப்பா அந்தப் பெஞ்சில் இனிமேல் உட்கார வேண்டாம் என்று அன்றைக்கே நான் நினைத்தேன். படிவம் வந்தது பிற்பாடுதான்... நினைப்பு முந்திக்கொண்டது. இதோ, சொல்லிவிட்டேன். என் பேனா அந்தக் கட்டத்துக்குப் போனபோது மாமியாரின் முகம் எனக்கு ஞாபகம் வரவே இல்லை. அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். யாருடைய பேன்ட்டையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் ஆபீஸ்ல பேரெல்லாம் மாத்தணும். பென்ஷன் கணக்குல உங்களத்தான் நாமினியா போட்டிருந்தேன். அது இப்ப தன்னாலயே செல்லாமப் போயிடுச்சு. புதுசா எழுதணும்."

இது உண்மை. திருமணத்துக்கு முன்பு எழுதிய நாமினேஷன் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். அது விதி.

"அதுக்கு இன்னா பாப்பா. மாப்பிள்ளை பேரப் போட்டுரு. நான் இன்னா உனக்கப்புறமா இருக்கப்போறேன்" என்று சிரித்தார்.

"கார்டும் அதே மாதிரிதாம்பா" என்றேன்.

அதே மாதிரி. இரண்டே இரண்டு சொற்கள். விதியின் பின்னால் என் விருப்பத்தை நிற்க வைத்துவிட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே அலுவலகத்தின் படிவங்கள், இரண்டையும் சொல்வது அவருடைய சொந்த மகள்.

அவர் கை நின்றது. பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கார்டுலயுமா?"

"ஆமாப்பா. கல்யாணமாயிட்டா மாமியாரத்தான் போடணும். ரூல்."

"அச்சா... அச்சா." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "சட்டம்னா சட்டந்தான். நீ இன்னா பண்ணுவ."

பழைய அட்டையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றேன். சட்டைப்பையிலிருந்து எடுத்தார். தேய்த்து வைத்திருந்த யாருடைய துணியிலும் படாமல், தன் சட்டை நுனியில் அதைத் துடைத்தார். வளைந்த மூலையைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். "இத நான்தான் பண்ணேன்னு சொல்லிரு. உன்னத் திட்டப்போறாங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

ரத்தான அட்டையை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது எங்கள் வழக்கம். மறுநாள் நானே கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த வளைந்த மூலையைத்தான் வெட்டினேன். அட்டை இன்றும் என் பணிக் கோப்பில், நான் டிக் அடித்த படிவத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. என் மேசையிலிருந்து நான்கடி தூரத்து அலமாரியில் அது இருக்கிறது.

நீங்கள் கேட்கலாம். நான் சம்பாதிக்கிறவள்தானே, மருந்தை வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று. கொடுத்தேன். அவர் வாங்க மாட்டார். கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் கை நீட்டக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். எங்கள் ஊர் வழக்கமோ, பக்கத்துக் கடை பஞ்சாபிக்காரர்களிடம் பழகி வந்ததோ, எனக்குத் தெரியாது. ஜனக்புரி வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். என் சம்பளம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். "இப்ப அது அந்த வூட்டு சம்பளம் பாப்பா" என்பார்.

அட்டை ஒன்றைத்தான் அவர் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். "இது சர்க்கார் குடுத்தது, மாப்பிள்ளை குடுத்தது இல்ல" என்று கல்யாணத்தன்று மண்டபத்தில்கூட யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து அவர் பெறக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். அது ஒன்றைத்தான் நான் எடுத்தேன்.

பிறகு அவர் பெரிய அரசு ஆஸ்பத்திரி வரிசைக்குப் போகத் தொடங்கினார். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. ஒருநாள் போனால் அன்றைய வேலை போய்விடும். அதனால் பம்ப்பை மிச்சம் பிடித்தார். காலை மட்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். "இப்ப தேவலாம் பாப்பா, ஜாஸ்தி இழுத்தா பழகிடும்" என்று எனக்கே மருத்துவம் சொன்னார். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார்... நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரே ஒரு முறை மாற்றலாம் என்றேனே, அந்த விதி எனக்கு மறந்துவிடவில்லை. அதைத்தான் நகையைப்போலப் பூட்டி வைத்திருந்தேன். இப்போது மாற்றிவிட்டால் பிறகு மாமியாருக்கு ஏதாவது என்றால் என்ன செய்வது? அப்பாவுக்கு இன்னும் முற்றவில்லையே... உண்மையிலேயே அவசரம் வரும்போது பயன்படுத்துவோம். இப்படித்தான் யோசித்தேன். விதி தெரியாத ஒருத்தி பதறிப்போய் அன்றைக்கே விண்ணப்பம் எழுதியிருப்பாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் தில்லிக் காற்று வழக்கம்போல் கெட்டது. எதிர்வீடு தெரியாத புகைமூட்டம். அப்போது மாமியாருக்கு முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள், பொங்கல் கழித்து. அவரைக் கம்பெனி இன்ஷூரன்ஸில் சேர்க்கும் காலம் அந்த வருடத்துக்குக் கடந்துபோயிருந்தது. அறுவை முடிந்த மறுநாளே பெயரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மாற்றல் படிவத்தை எடுத்து, அப்பா பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டேன். தேதி மட்டும் எழுதவில்லை. அதை இழுப்பறையில் வைத்தேன்.

அந்த வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாப்பா... மாத்த வழியே இல்லியா? மனு கினு எழுதினா எதுனா..."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

வழி இருக்கிறது என்று அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். பொங்கல் கழித்துச் செய்துவிடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாளாக ஏன் இல்லை என்றாய் என்று கேட்பாரே... கேட்டிருக்கவே மாட்டார், எனக்குத் தெரியும். இருந்தும் பயந்தேன்.

"இல்லப்பா" என்றேன்.

"சரி பாப்பா. பனி கொட்டுது, நீ கெளம்பு."

அடுத்த வாரம் ஒரு காலையில், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் அவர் உட்கார்ந்தார். பின்னால் நின்றவர் அவர் தூங்குவதாக நினைத்திருக்கிறார். வரிசை நகர்ந்தபோதுதான் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அப்பாவின் போனில் 'பாப்பா' என்று இருந்த எண்ணை அழுத்திய அந்த மனிதர், "பஹன்ஜி, உங்கள் ஆள் எழுந்திருக்கவில்லை" என்றார். ஒன்பதரை மணி இருக்கும். நான் அலுவலகத்தில் இருக்கையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தேதியில்லாத படிவம் என் முழங்காலுக்கு மேலே, இழுப்பறையில் இருந்தது.

காரியத்தன்று அவருடைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ் அதிகாரி. அப்பா எல்லாரையும் வீட்டை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். இவர் 'முதல் மாடி சார்'. என்னைத் தனியே அழைத்துப் பேசினார்.

"உங்கப்பா ரொம்ப மூச்சு வாங்கினாரும்மா. கார்ட மாத்த முடியுமா, நான் வேணா ரூல் புக்கப் பாத்துச் சொல்றேனேன்னேன். வேணாம்னுட்டார். என் பொண்ணே அந்த செக்ஷன்லதான் சார் உக்காந்திருக்கு, அதுக்குத் தெரியாத சட்டமா அப்படின்னார்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். "ஆமா சார்" என்றேன்.

மாமியாரின் அறுவை குறித்த நாளில் நல்லபடியாக நடந்தது. இன்று அவர் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். தினமும் காலையில் பூங்காவை மூன்று சுற்று சுற்றி வருகிறார். அடுப்படியில் நிற்கும்போது அந்த நடை எனக்குக் கேட்கும்... படியில் ஒன்று, வராந்தாவில் ஒன்று, வாசலில் ஒன்று, ஒரே சீராக. அவர் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. என்னை மகளாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்த நடையின் இடைவெளியில் இன்னொருவர் மூச்சிழுப்பது எனக்குக் கேட்கிறது. குக்கர் ஆவிவிடும்போது கேட்கிறது. மெட்ரோவின் கதவு திறக்கும்போது கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், ஆறு வருடமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ஒரு முறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் பயன்படுத்தவில்லை. விதிப்படி, ஓய்வுபெறும் நாள்வரை அது செல்லும். யார் பெயரை எழுதுவது?

போன மாதம் எங்கள் அலுவலகத்துப் புதுப்பெண் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். தில்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், கையில் மருதாணி இன்னும் அழியவில்லை. விதியை வாசித்துக் காட்டினேன். குழம்பிப்போய் நின்றாள்.

"மேடம், ரெண்டு பக்கத்தையும் வெக்க ஆகாதா?"

"முடியாதும்மா. ஒரு பக்கந்தான்."

"சசுரால்ல என்ன சொல்லுவாங்கன்னு டர் லக்தா ஹை." மாமியார் வீட்டை நினைத்துப் பயந்தபடி பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம்... நீங்க யார வெச்சீங்க?"

அலமாரி நான்கடி தூரத்தில் இருந்தது.

"எங்கப்பாவ" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. தன்னைப் பெற்றவர்களின் கட்டத்தில் டிக் அடித்தாள், கையெழுத்துப் போட்டாள். இத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. அவளுடைய அப்பாவுக்கும் மூச்சுத் தொந்தரவாம், எந்த டிஸ்பென்சரி நல்லது, உங்கள் அப்பா எங்கே காட்டுகிறார் என்று கேட்டாள்.

நான் சொன்னேன். இடத்தைச் சொன்னேன். மாதத் தொடக்கத்தில் கூட்டம் இருக்கும், பத்து மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்று சொன்னேன்.

"எங்கப்பா எப்பவும் ரெண்டாவது பெஞ்சுலதான் உக்காருவாரு" என்றேன். "ஜன்னல் பக்கம். காத்து வரும்."